என்னைத் தவிர எல்லோரும் கனவு கண்டார்கள்

அத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே "இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவினார். துடைத்தார். மறுபடியும் போய்க் கழுவினார். அம்மா சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூடுவாஞ்சேரிக்காரங்க கடைக்கு போன் பண்ணாங்க."

"இன்னாவாம்?"

"இஸ்திகாரா பாத்தாங்களாம். பையனோட அம்மாவுக்கு கனவுல ஆடு வந்துச்சாம்."

"ஆடா? ஆடு நல்லதுதானே?"

"கெணத்துல வுழுந்துடுச்சாம்."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டைத் தள்ளிவிட்டது நானில்லை என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. கையிலிருந்த அப்பளம் கருகியதுதான் மிச்சம். அதற்கும் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அத்தாவுக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, சோப்பு டப்பா என்று வாசல் வரை தொங்கும். எனக்குக் கல்பாக்கத்தில் அலுவலக வேலை, கணக்குப் பிரிவு. கல்யாண வயது என்று ஊர் வைத்திருந்த எல்லையை நான் தாண்டி இரண்டு மூன்று நோன்புப் பெருநாள் ஆகியிருந்தது.

போன வாரம் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதியதும், "கல்யாணக் கதை எப்போது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதோ எழுதுகிறேன் அம்மா. ஆனால் இத்தனை வருடம் கழித்தும் எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியதைப் பார்த்தார்கள்

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துஆ என்றால் அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்பது. தொழுகைக்கு நேரம் உண்டு, முறை உண்டு, அரபு ஓத வேண்டும். துஆவுக்கு அந்தக் கட்டாயமெல்லாம் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கேட்கலாம். தமிழில் கேட்கலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்கலாம். சிபாரிசுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

அதில் ஒரு வகைதான் இஸ்திகாரா. ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவர் இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, தொழுதுவிட்டுக் கேட்கிற துஆ அது. "இது என் மார்க்கத்துக்கும் என் வாழ்க்கைக்கும் நல்லது என்று உனக்குத் தெரிந்தால் இதை எனக்கு லேசாக்கிக் கொடு. கெடுதல் என்றால் இதை என்னை விட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதை விட்டுத் திருப்பிவிடு" என்பதுதான் அதன் சாரம். நபிகள் நாயகம் தம் தோழர்களுக்கு குர்ஆன் அத்தியாயங்களைக் கற்றுக்கொடுத்த அக்கறையோடு இதையும் கற்றுக்கொடுத்தார்கள் என்று மதரஸாவில் படித்திருக்கிறேன். நான் படித்த வரையில் அந்த துஆவில் கனவு என்ற சொல்லே கிடையாது. ஆடும் இல்லை, கிணறும் இல்லை.

எங்கள் ஆட்கள் இதைக் கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள். அதுவும் தாங்களே பார்க்க மாட்டார்கள். பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் பெண் பெயரையும் பையன் பெயரையும் கொடுத்து, "கொஞ்சம் இஸ்திகாரா பாத்துச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்பார்கள். அந்த மனிதர் பாவம், ஊருக்காகத் தூங்க வேண்டும். எழுந்ததும் வெள்ளை தெரிந்ததா, பச்சை தெரிந்ததா, சிவப்பு தெரிந்ததா என்று சொல்ல வேண்டும். ஹஜ்ரத் கிடைக்காவிட்டால் பையனின் அம்மா படுப்பாள். அவளுக்கும் தூக்கம் வராவிட்டால் அவளுடைய நாத்தனார் படுப்பாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிற இரண்டு பேரை மட்டும் யாரும் கேட்கச் சொன்னதில்லை.

விஜயாவின் செவ்வாய்

கல்பாக்கம் போகிற ஆபீஸ் பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் விஜயா ஏறுவாள். என் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு நான் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பேன். அந்தத் திங்கட்கிழமை உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டாள்.

"இன்னாடி, கூடுவாஞ்சேரி இன்னா ஆச்சு?"

"ஆடு கெணத்துல வுழுந்துடுச்சு."

விஜயாவுக்குச் சிரிப்பு அடங்க வெங்கப்பாக்கம் வந்துவிட்டது. அவளுக்குச் செவ்வாய் தோஷம். வருகிற வரனெல்லாம் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த காலம். "எனுக்கு செவ்வா, உனுக்கு ஆடு. நம்மளாலதான் இந்த பஸ்ஸுல ரெண்டு சீட்டு காலியாவாம கீது" என்றாள்.

ஜாதகம் பார்க்கிறது நமக்கு ஆகாது என்று அத்தா அடிக்கடி சொல்வார். எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். ஜாதகத்திலாவது கட்டம் போட்டு ஏதோ ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். இங்கே முன்பின் தெரியாத ஒரு மாமி ராத்திரி எதைத் தின்றுவிட்டுப் படுத்தாள் என்பதில் என் வாழ்க்கை நின்றது.

உண்மை என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. "உங்க பொண்ணு கறுப்பு", "வயசு ஏறிப்போச்சு", "வேலைக்குப் போற பொண்ணு அடங்க மாட்டா" என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. அதை அப்படியே தூக்கி அல்லாஹ் மேல் போட்டுவிட்டால் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. பழி அவனுக்கு, மரியாதை இவர்களுக்கு.

இது அந்தக் காலத்தோடு ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். என் அண்ணன் மகள் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிய ஒரு மாப்பிள்ளை வீட்டார் போன மாதம் அவளுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். "இஸ்திகாரா நெகட்டிவ். சாரி." ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி. அவள் எனக்குக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, ஆட்டை விட்டுவிட்டு வயலுக்கு வருகிறேன்.

பச்சைப் பசேலென்று ஒரு வயல்

கோவளத்திலிருந்து மைமூன் மாமி வந்தார். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் நடமாடுகிற தெருவில் அவர்களுக்குத் துணிக்கடை. கடையைப் பார்த்துக்கொள்கிற மகன் இக்பால்தான் மாப்பிள்ளை. அவரும் வந்திருந்தார். நான் சமோசா தட்டை நீட்டியபோது எல்லோரும் என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து, "கல்பாக்கத்துக்கு எந்த பஸ்ஸுல போறீங்க?" என்று கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். சொல்வதற்கென்ன, எனக்குப் பிடித்திருந்தது.

பதில் சொல்லுவதற்குள் மாமி முந்திக்கொண்டார். "அதெல்லாம் நிக்காஹ் வரைக்கும்தான். எங்க வூட்டு பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல."

அத்தா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். இக்பால் சமோசாவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து அத்தா அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். கோவளம் ஹஜ்ரத் பார்த்துவிட்டாராம். பச்சைப் பசேலென்று வயலாம். நடுவில் தண்ணீர் ஓடியதாம்.

"வேலைய பத்தி இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"அல்லாவே சரின்னு காட்டிட்டான். நீ இன்னாடான்னா வேலைய புடிச்சிகினு தொங்குற."

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. பரீட்சை எழுதி, இன்டர்வியூவுக்குப் போய், நானாக வாங்கிய வேலை அது. அங்கே எனக்கு ஒரு மேசை இருந்தது. அதன் இழுப்பறைச் சாவி என் பர்ஸில் இருந்தது. வீட்டில் எனக்கென்று பூட்டுகிற மாதிரி ஒரு டப்பாகூடக் கிடையாது. ஆபீஸில் ஆட்கள் என்னிடம் சந்தேகம் கேட்டு வருவார்கள், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போவார்கள். அதையெல்லாம் யாரோ ஒருவர் தூக்கத்தில் கண்ட வயலுக்காக விட்டுவிட வேண்டும். மாமி போட்ட நிபந்தனைக்கு அல்லாஹ்வின் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. இனி யாரிடம் பேரம் பேசுவது?

"நான் இன்னும் கேக்கல" என்றேன்.

"யார?"

"அல்லாவ."

அத்தாவுக்கு விளங்கவில்லை. "அதான் ஹஜ்ரத் பாத்துட்டாரே."

"கல்யாணம் ஹஜ்ரத்துக்கா எனக்கா?"

அம்மா கரண்டியை வைத்த வேகத்தில் குழம்புச் சட்டி ஆடியது. "பொண்ணு எங்கனாச்சும் தனக்கே இஸ்திகாரா பாத்துக்குமா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கடி" என்றாள். யாருக்காகக் கேட்க வேண்டுமோ அவளே கேட்டால் சிரிப்பார்களாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ரெக்கார்டு ரூமில்

வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்ப்பார்கள் என்று ஆபீஸுக்குப் போய்விட்டேன். மத்தியான இடைவேளையில் ரெக்கார்டு ரூமில் பழைய கோப்புகளுக்கு நடுவே துணியை விரித்தேன். லுஹர் தொழுதேன். விஜயா கதவுக்கு வெளியே டிபன் டப்பாவோடு காவல் நின்றாள். பியூன் வந்தால், "உள்ள பல்லி கீதுப்பா, அப்பறம் வா" என்று விரட்டுவதாக ஏற்பாடு.

இஸ்திகாராவுக்கு இரண்டு ரக்அத் தொழுது முடித்துக் கையேந்தினேன். அரபு பாதியில் மறந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்து ஓதிப் பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டது. சரி போ என்று தமிழுக்கு மாறினேன்.

"யா அல்லாஹ், அந்த ஆள் நல்லவர் மாதிரி இருக்கிறார். அவர் அம்மாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையை விட எனக்கு இஷ்டமில்லை. இஷ்டமில்லை என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நல்லதென்றால் கொடு. இல்லையென்றால் திருப்பிவிடு. எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். கோப்புத் தூசியில் தும்மல்தான் வந்தது. மனதில் வெளிச்சம் எதுவும் அடிக்கவில்லை. மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சைகையாவது காட்டக்கூடாதா என்று அவன் மேலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. துணியை மடித்துவிட்டுப் போய் விஜயாவின் புளிசாதத்தில் பாதியைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா டீயைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"இன்னா பாத்த?"

அந்த நிமிஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு பாம்பு போதும். 'கறுப்பா ஒரு பாம்பும்மா, துரத்துச்சு' என்று சொன்னால் கோவளம் கதை அத்தோடு முடிந்துவிடும். ஊரே எனக்கு எதிராகச் சொன்ன பொய்யை நான் ஒரே ஒரு தடவை எனக்காகச் சொல்லிக்கொண்டால் என்ன தப்பு? பாம்பு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

வரவில்லை, வெளியே வரவில்லை. முந்தின நாள்தான் அவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவன் பெயரைச் சொல்லியே ஒரு பாம்பை அவிழ்த்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

"ஒண்ணும் பாக்கலம்மா. நல்லா தூங்குனேன்."

"அப்ப இன்னா அர்த்தம்?"

"தெரியல. ஆனா வேலைய வுட மாட்டேன். அத அந்த மாமிகிட்ட நானே சொல்லிடறேன்."

அம்மா காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வயல் காய்ந்த விதம்

நாள் குறிக்க மைமூன் மாமி வந்தார். இக்பால் வரவில்லை, கடையில் கூட்டமாம். நான் டீயை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றேன்.

"மாமி, ஹஜ்ரத்துக்கு வந்த கனவுல நான் வேலைய வுட்டுட்டேனா?"

மாமியின் கை டீயோடு பாதியில் நின்றது. "இன்னாம்மா கேக்குற?"

"வயலு வந்துச்சு, தண்ணி வந்துச்சுன்னு சொன்னாங்க. வேலைய பத்தி எதுவும் வந்துச்சான்னு கேட்டேன். எனக்கு உங்க வூட்டு சம்பந்தம் சம்மதம்தான் மாமி. ஆனா வேலைக்குப் போவேன். உங்க மகன்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லுங்க."

அத்தா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அம்மாதான் ஓடிவந்தாள். என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டே மாமியிடம், "விளையாட்டுப் பொண்ணு, தெரியாம பேசறா. மனசுல வெச்சுக்காதீங்க. வேலையாவது ஒண்ணாவது, அதெல்லாம் வுட்டுடுவா" என்று குழைந்தாள்.

மாமி டீயைக் குடித்து முடித்தார். அந்தப் பொறுமையை மட்டும் நான் மெச்சுவேன். செருப்பு போடும்போது, "எதுக்கும் இன்னொரு வாட்டி இஸ்திகாரா பாத்துடறோம்" என்றார்.

பார்த்தார்கள். அதே ஹஜ்ரத், அதே வயல். இந்தத் தடவை காய்ந்து வெடித்துக் கிடந்ததாம். ஓர் ஓரத்தில் நெருப்பும் பிடித்திருந்ததாம். ஒரு வாரத்தில் அப்படி என்ன வறட்சி வந்துவிட்டது கோவளத்தில்!

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். திருப்பிவிடு என்று கேட்டேன், திரும்பிவிட்டது. கேட்டது கிடைத்தவள் கையை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்ட ஆளுக்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை.

அத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா நிறுத்தவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது, அரிசி களையும்போது எல்லாம் என் வாய்தான் பேச்சு. "இந்த வாய் இருக்குதே, இது ஒண்ணு போதும். வூடு தேடி வந்தத வாயாலயே விரட்டுனா. இவள எவன் கட்டுவான்?" எனக்கு அந்த மாமி மேல் இருந்ததைவிட அம்மா மேல்தான் ஆத்திரம் அதிகம். மாமி வேற்று ஆள். இவள் என் அம்மா. எல்லோர் முன்னாலும் என் வேலையைத் தூக்கிக் கொடுத்தவள் இவள்தானே.

மக்ரிபுக்குப் பிறகு

கோவளத்துப் பதில் வந்த வாரத்திலேயே ஒரு நாள், பஸ் தாமதமாகி, பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தேன். முன்கதவு திறந்து கிடந்தது. உள் அறையில் அம்மா தொழுது முடித்து, பாயில் உட்கார்ந்து கையேந்தியிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அரபு துஆ அவ்வளவாக வராது. பேசிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது என்னைத் திட்டுவாளே, அதே குரல். கடைக்காரனிடம் சண்டை போடுவாளே, அதே வேகம்.

"யா அல்லா, இவளுக்கு இந்த வாய நான் குடுக்கல. நீ குடுத்த. அப்ப நீதான் வழி பண்ணணும். ஒருத்தன அனுப்பு. வேலைய புடுங்காதவனா பாத்து அனுப்பு. நான் ஆயுசுக்கும் கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டேன். ஒரு நாள் போய் எங்கயும் உக்காந்ததில்ல. இவ பஸ்ஸுல போறா. போவட்டும். காலைல இவ ஏறிப் போறத பாத்தா எனக்கு நானே போற மாரி கீது. அந்த பஸ்ஸ மட்டும் நிறுத்திடாத. ரப்பே, உன் கால புடிச்சி கேக்கறேன், நிறுத்திடாத."

நான் தோளிலிருந்த பையை இறக்கக்கூட மறந்து நின்றேன். முதலில் வந்தது கோபம்தான். அது அன்றைக்கும் பொய்யில்லை, இன்றைக்கும் பொய்யில்லை. இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டா அந்த மாமியிடம் அப்படிக் குழைந்தாள்? வாரம் பூராவும் என்னைப் போட்டு அப்படி வறுத்தாள்?

அம்மா முகத்தைத் தடவிக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம்கூட அசரவில்லை.

"ஏம்மா, இத அன்னிக்கே அந்த மாமிகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா தொழுகைப் பாயை மடித்தாள்.

"அவகிட்ட இன்னாத்துக்குடி சொல்லணும்? குடுக்கறவன்கிட்ட கேட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்கிட்ட சொன்னா நீ இன்னும் ஆடுவ." பாயைக் கொடியில் போட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் நடந்தவள் நின்று திரும்பினாள். "கதவாண்ட நின்னுகினு எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டியே, ஒரு ஆமீனாச்சும் சொல்லித் தொலைச்சியா?"

இல்லை. சொல்லியிருக்கவில்லை. அடுத்தவர் கேட்கிற துஆ காதில் விழுந்தால், 'அப்படியே ஆகட்டும்' என்று ஆமீன் சொல்வது எங்கள் வழக்கம். எவ்வளவோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சொந்த அம்மாவுக்கு வாய் வரவில்லை.

அப்போது சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கோபம் கொஞ்சமும் குறையாமல்தான் சொன்னேன். அம்மா அடுக்களைக்குள் போய் எனக்கு டீ வைத்தாள்.